ஊர் வீட்டுச் சாவி உங்கள் கைக்கு வந்தால்: பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பூட்டிய வீடுகளைப் பார்க்கலாம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து நாலு நாள் தங்குவார்கள். மற்ற நாளெல்லாம் சாவி பக்கத்து வீட்டிலோ ஊரோடு இருக்கும் ஒரு சொந்தக்காரரிடமோ இருக்கும். அப்படி ஒரு சாவி முதல் தடவையாக உங்களிடம் வந்திருக்கிறது என்றால் இது உங்களுக்காக எழுதியது. எங்கள் தெருவிலும் இப்படிச் சில வீடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாவியைக் கொடுக்கும்போது எல்லோரும் திருட்டைப் பற்றித்தான் கவலையோடு பேசுவார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் நான் பார்த்தவரை பூட்டிய வீடுகளை அதிகம் கெடுத்தது தண்ணீர். ஓடு விலகி உள்ளே இறங்கும் மழை, அடைபட்ட ஜலதாரை (முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழி), மாடியில் தேங்கிச் சுவரில் ஊறும் ஈரம், அந்த ஈரத்தைத் தேடி வரும் கரையான். குடியிருக்கும் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகினால் அன்றைக்கே யாராவது அண்ணாந்து பார்ப்பார்கள். பூட்டிய வீட்டில் அந்தச் சொட்டு மூன்று மாதம் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் கண் முதலில் தண்ணீரைத் தேடட்டும்.

சாவி வாங்கும் நாளில்

வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு முறை முழு வீட்டையும் சுற்றி வாருங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் காட்டிக்கொண்டே சுற்றலாம். திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை, மாடி, பரண் வரை போனில் பதிவு செய்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல், ஊறல் கறை, உடைந்த கண்ணாடி எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். பின்னால் ஒரு விரிசல் பெரிதாகியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

மெயின் சுவிட்ச் எங்கே, மேல்தொட்டித் தண்ணீரை நிறுத்தும் வால்வு எது, மோட்டார் ஸ்டார்ட்டர் எங்கே, செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று கேட்டு, உங்கள் கையாலேயே ஒரு முறை போட்டு அணைத்துப் பாருங்கள். வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், தேங்காய் பறிப்பவர், ஓடு மாற்றும் ஆள் ஆகியோரின் எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். வேறு யாரிடமெல்லாம் சாவி இருக்கிறது என்றும் கேளுங்கள். கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

நகை, ரொக்கம், வீட்டுப் பத்திரம் எதுவும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "பீரோவில் என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாம் அத்தை. ஆனா நகையும் பத்திரமும் மட்டும் பேங்க் லாக்கருக்குப் போயிடட்டும்" என்று பதமாகச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணப் பேச்சை ஒத்திப்போடாதீர்கள்

சொந்தக்காரர்தானே, பணத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் இரண்டு பக்கமும் மனத்தாங்கல் வரும். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை, கேட்காமலே செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு, கையில் கொஞ்சம் முன்பணம் என்று இந்த மூன்றையும் முதல் வாரமே பேசி முடியுங்கள். கூலிக்குச் செய்யவில்லை, பாசத்துக்குச் செய்கிறேன் என்றாலும் செலவுக்கணக்கு வேண்டும். ஒரு நோட்டு போட்டு, தேதி, செலவு, யாருக்குக் கொடுத்தது என்று எழுதி, ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

உறவு அதிகம் கெடுவது தேங்காயில்தான். தென்னையில் ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை பறிப்பு வரும். எத்தனை காய் விழுந்தது, பறிகூலி எவ்வளவு, விற்றது எவ்வளவு, மீதியை யார் எடுத்துக்கொள்வது என்பதைப் பேசி வையுங்கள். மா, பலா, முருங்கைக்கும் இதே பேச்சுதான். "நீங்களே எடுத்துக்கோங்க" என்று அவர்கள் சொன்னாலும் எண்ணிக்கையை எழுதி வைப்பது நல்லது. உறவில் வேறு யாராவது கேட்கும்போது வீட்டுக்காரரிடம் பதில் இருக்கும்.

இவர் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இருந்தால் போதும். அதில் இரண்டு பேருக்குமே நிம்மதி இருக்கிறது. காவலாளாகவோ பராமரிப்பாளராகவோ எத்தனை வருடம் ஒரு வீட்டில் இருந்தாலும் அதனால் சொத்தில் உரிமை வந்துவிடாது என்று கோவா வழக்கு ஒன்றில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த விலாசத்தை உங்கள் ரேஷன் கார்டிலோ ஆதாரிலோ சேர்க்காதீர்கள். பவர் பத்திரம் (அவர்கள் சார்பில் செயல்படும் அதிகாரம்) எழுதித் தருகிறேன் என்று அவர்களாகவே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள அது தேவையே இல்லை.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும்

வாரம் ஒரு முறை போவது நல்லது. பத்து நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை வழக்கமாகிவிட்டது. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாமி படத்துக்கு விளக்கேற்றச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஏற்றுங்கள். ஆனால் நீங்கள் வீட்டுக்குள் இருக்கும்வரை மட்டும். எரியும் விளக்கை உள்ளே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டாதீர்கள். எலி இழுத்துப் போகும் ஒரு திரி போதும்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கண்ணாடிவிரியன் சருகிலும் விறகு அடுக்கிலும் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. கதவைத் திறந்ததும் வாசற்படியில் நின்று டார்ச் அடித்து, கதவின் பின்புறம், செருப்பு வைக்கும் இடம், கூட்டுமாறு மூலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். பாம்பு இருந்தால் அடிக்கப் போகாதீர்கள். கண் அதன் மேலேயே இருக்க, எட்ட நின்று தீயணைப்புத் துறைக்கு 101-லோ பொதுவான அவசர எண் 112-லோ கூப்பிடுங்கள். கதண்டு (கூட்டமாக வந்து கொட்டும் பெரிய குளவி) கூடு தெரிந்தாலும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். புகை போட்டு விரட்டுகிறேன் என்று இறங்கி உயிரை விட்டவர்கள் டெல்டாவில் உண்டு. பாம்பு கடித்தால் கட்டு போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

உள்ளே கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். இந்த நிலைமையே வராமல் இருக்க, முதல் நாளிலேயே ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டுவிட வேண்டும்.

இனி வேலை. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் ஓட விடுங்கள், ஒரு மணி நேரமாவது. கொல்லைக் கதவையும் திறந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். பூட்டிய வீட்டில் வரும் அந்தப் புழுங்கல் வாடை சுவரிலும் துணியிலும் தேங்கிய ஈரம்தான். பரவிவிட்டால் பூசணம் பிடிக்கும்.

ஃபேன் ஓடும்போதே குழாய்களுக்குப் போங்கள். ஒவ்வொரு குழாயையும் துருத் தண்ணீர் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை திறந்து விடுங்கள். கழிப்பறைகளில் ஃப்ளஷ் செய்யுங்கள். குளியலறை, அடுக்களைத் தரைத் துவாரங்கள் ஒவ்வொன்றிலும் அரை வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தவறாமல் மறப்பது இதைத்தான். துவாரத்தின் அடியில் வளைந்திருக்கும் இடத்தில் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்று, சாக்கடை வாடையையும் கரப்பானையும் மேலே வராமல் தடுக்கிறது. சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் சீக்கிரமே வற்றிவிடும். வாடை வந்தால் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்று நினைத்து லாரிக்காரரைக் கூப்பிடுகிறார்கள். பல நேரம் அரை வாளித் தண்ணீரே போதும். அடுத்த வாரம் உங்களால் வர முடியாது என்றால், தண்ணீர் ஊற்றிய பிறகு மேலே இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுங்கள். அது தண்ணீர் மேல் படலமாக நின்று ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

மோட்டாரை ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். மாதக்கணக்கில் ஓடாத போர் மோட்டார் மணலும் உப்பும் படிந்து இறுகிவிடும். பிறகு போட்டால் உறுமும், சுற்றாது, காயில் எரிந்துபோகும். குழாயோடு மேலே தூக்கிப் பழுது பார்க்கும் செலவை நினைத்தால் பத்து நிமிட மின்சாரம் பெரிதில்லை. கிளம்பும்போது மேல்தொட்டி வால்வை மூடிவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது ஒரு குழாய் வாஷர் போனாலும் வீடு நனையாது.

கொல்லையில் தண்ணீர் தேங்கும் இடங்களைத் தேடுங்கள். பழைய ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி, பூந்தொட்டித் தட்டு, கவிழ்க்காத அண்டா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தட்டு. டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆட்டுக்கல் குழியில் மணலைக் கொட்டி வைத்தால் வருடம் முழுக்கக் கவலையில்லை. இதை அக்கறையோடு செய்யுங்கள். பூட்டிய வீட்டில் வளரும் கொசு பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் கடிக்கும்.

கூரையும் மழையும்

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் வேலையை முடிக்க நினைத்தால் ஆடி, ஆவணியிலேயே ஆளைப் பிடிக்க வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஓடு மாற்றும் ஆட்கள் கிடைக்கவே மாட்டார்கள். முடிந்தால் வைகாசியிலேயே செய்துவிடுங்கள். மரமும் நன்றாகக் காய்ந்திருக்கும்.

ஓட்டு வீட்டைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. உச்சி வேளையில் கூடத்துக்குள் போய்க் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, விளக்கையும் அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஓட்டுக்கிடையே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் தண்ணீர் உள்ளே புகும் இடம். கரிக்கட்டியால் நேர்கீழே தரையில் குறி போட்டு, படம் எடுத்து ஓடு மாற்றுகிறவரிடம் காட்டுங்கள். குரங்கோ மயிலோ வரும் ஊராக இருந்தால் மாதம் ஒரு முறை இப்படிப் பார்க்க வேண்டும். அதுகள் நடந்தாலே ஓடு விலகும்.

ஓடு ஒன்று விலகினால் பல நேரம் தண்ணீர் நேராகக் கீழே சொட்டாது. வாரையை (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) பிடித்துக்கொண்டு சரிவில் ஓடி, வாரையின் முனை சுவரில் உட்காரும் இடத்தில்தான் இறங்கும். அங்கே சுவரில் காப்பி நிறத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைக் கண்டால் ஏணி போட்டு வாரை முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே புகுந்தால் மரம் உளுத்துவிட்டது. முனை மட்டும் போயிருக்கும்போது பிடித்தால் ஒரு வாரையோடு போகும். விட்டால் அந்தப் பக்கத்துக் கூரையே இறங்கும்.

இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில்தான் சருகு அதிகம் சேரும். வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் வாரம்தோறும் அள்ள வேண்டியிருக்கும். முற்றத்து ஜலதாரையையும் அப்படியே பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் ஓர் இரவு மழையில் முற்றம் நிரம்பித் தாழ்வாரம் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரை வேகமாகக் கொட்டி, அது வெளியே தெருப்பக்கம் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். வாயில் வலை போட்டால் எலியும் பாம்பும் வராது. ஆனால் வலையில் சருகு படியும், அதைத் தட்டிவிட மறக்கக் கூடாது.

மாடி வீடு என்றால் மழைநீர் இறங்கும் குழாயின் வாயும், கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றும்தான் முக்கியம். பறவை எச்சத்தில் வரும் விதை அது. இரண்டு இலை விட்டிருக்கும்போதே வேரோடு எடுத்து, விரிசலைச் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். மேலே கிள்ளிப் போட்டால் வேர் உள்ளே பருத்துச் சுவரைப் பிளந்துவிடும். தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. மாடியைக் கூட்டும் அன்றே அதையும் தூர் எடுத்துவிடலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் உங்கள் வீட்டுக்கு அடுத்தபடி அந்த வீட்டுக்கும் ஒரு நடை போங்கள். மாடியில் கிடக்கும் தகரம், பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவற்றை உள்ளே போட்டு, மெயினை அணைத்து, ஜன்னல்களைத் தாழ் போடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் அப்படியே வீடுகளின் மேல் சாய்ந்தன. பல ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வீட்டை நோக்கிச் சாய்ந்து நிற்கும் தென்னை இருந்தால் இப்போதே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். வெட்டுவதா, கம்பி போட்டு இழுத்துக் கட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். புயலுக்குப் பிறகு அறுந்த மின்கம்பி எதுவும் கிடக்கவில்லை என்று தெரியாமல் கொல்லைக்குள் கால் வைக்காதீர்கள்.

கரையான்

நிலைப்படியின் அடிப்பாகம், பீரோவின் பின்புறம், சுவரில் மாட்டிய படங்களின் பின்னால், பரணில் இருக்கும் பழைய புத்தகக் கட்டு ஆகியவைதான் கரையானுக்குப் பிடித்த இடங்கள். மண் கோடு தெரிந்ததும் துடைத்துப் போட்டுவிடத்தான் கை போகும். வேண்டாம். நடுவில் விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது உடைத்த இடம் மறுபடி மூடியிருந்தால் கரையான் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். துளை போட்டு மருந்து ஏற்றும் ஆட்களைக் கூப்பிட வேண்டியதுதான். மண்ணெண்ணெய் ஊற்றுவதெல்லாம் அந்த ஓர் இடத்துக்கு மட்டும்தான். புற்று எங்கோ தரைக்கடியில் இருக்கும். மரச்சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அட்டைப் பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள்.

மின்சாரம், வரி

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்வாரிய ரீடிங் வரும். மீட்டர் வெளியே, ஆள் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் பூட்டிய வீட்டுக்குப் பில் பெரும்பாலும் வராது. அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் யூனிட்டைப் பாருங்கள். யாரும் இல்லாத வீட்டில் யூனிட் ஏறியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது யாரோ கம்பி இழுத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை மாதக்கணக்கில் அணைத்துப் போட்டால் செத்துவிடும். மாதம் ஒரு முறையாவது முழுதாகச் சார்ஜ் ஏற்றி டிஸ்டில்ட் வாட்டர் அளவையும் பாருங்கள். டிவி, மோடம் பிளக்குகள் எப்போதும் பிடுங்கியே இருக்கட்டும், இடிக்குப் பயந்து.

சொத்து வரி நகரங்களில் அரையாண்டுக்கு ஒரு முறை, ஊராட்சியில் வருடத்துக்கு ஒரு முறை. ஆன்லைனிலேயே அவர்கள் கட்டிவிடலாம். ஞாபகப்படுத்துவது மட்டும் உங்கள் வேலை.

ஆள் இருக்கும் வீடாகத் தெரிய

கோலம் இல்லாத வாசலும், கேட்டில் செருகி மழையில் நனைந்த நோட்டீஸும், வெளியே தொங்கும் பெரிய பூட்டும்தான் வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே சொல்கின்றன. வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கமாகப் பூட்டிக்கொண்டு வரலாம். வாசல் விளக்கை டைமரில் போடலாம். பூட்டியிருக்கும் வீட்டைப் பற்றி உள்ளூர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்து வருகிறவர்கள் பார்வையில் இருக்கும். கேமரா இருந்தால் அதன் சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது யார் என்று பேசி வையுங்கள். ரீசார்ஜ் தீர்ந்து, படம் எதுவும் வராமல் கிடக்கும் கேமராக்கள் ஏராளம்.

நாலு பக்க எல்லையையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்து அனுப்புங்கள். எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சாக்கடைக் குழாய் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா, யாராவது மாடு கட்டத் தொடங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், பேச வேண்டியவர் அவர்தான். யாராவது டேப்பும் கையுமாக வந்து அளந்தாலோ, "வீடு விலைக்கு வருமா?" என்று விசாரித்தாலோ அதையும் சொல்லிவிடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது சொத்தின் பேரில் புதிதாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்குச் செலவு எதுவும் கிடையாது.

செய்தி சொல்வது

கெட்ட செய்தியைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் இருப்பவருக்கு இப்போது நடுராத்திரி என்று தோன்றினால் வாட்ஸாப்பில் படத்தோடு எழுதிவிடுங்கள், விடிந்ததும் பார்ப்பார். என்ன கண்டீர்கள், உடனே என்ன செய்தீர்கள், இனி என்ன செய்ய வேண்டும், செலவு எவ்வளவு ஆகும் என்று நாலு வரி போதும். ஒன்றும் நடக்காத வாரத்திலும் முற்றத்தையும் கூடத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அங்கே ஒரு பெரியம்மா அந்தப் படத்துக்காகக் காத்திருப்பார். அவர் வாழ்ந்த வீடு அது.

அவர்கள் வரும்போதும், போன பிறகும்

வருவதற்கு இரண்டு நாள் முன்பே மேல்தொட்டியைக் கழுவி நிரப்பி, ஃபிரிட்ஜைப் போட்டு, படுக்கை தலையணைகளை வெயிலில் காய வைத்துவிடுங்கள். பால், காய்கறி, ஒரு குடம் குடிதண்ணீர் இருந்தால் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்குப் பெரிய உதவி. கைக்குழந்தையோ வயதானவர்களோ வருகிறார்கள் என்றால் கழிப்பறைத் தரை வழுக்குகிறதா என்று தேய்த்துப் பாருங்கள். செலவு நோட்டை அவர்கள் கேட்பதற்கு முன்பே கையில் கொடுங்கள்.

அவர்கள் கிளம்பிய அன்று சாயங்காலமே ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். அவசரத்தில் கிளம்பியிருப்பார்கள். கேஸ் ரெகுலேட்டர் கழற்றியிருக்காது. ஃபிரிட்ஜில் பாதி மாவு புளித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜைத் துடைத்துப் பிளக்கைப் பிடுங்கி, கதவு சாத்திக்கொள்ளாமல் இடுக்கில் ஒரு துணிச்சுருளை வையுங்கள். குப்பைக் கூடையைக் காலி செய்யுங்கள். மாடிக் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று மேலே ஏறிப் பாருங்கள். குழந்தைகள் கடைசியாக விளையாடியது அங்கேயாகத்தான் இருக்கும்.